மாரியம்மன் கோயில் வீதி நாய்

எனக்கு நாய்னா ஆகாது. இதை முதல்லயே சொல்லிடறேன். இல்லன்னா பின்னால நான் சொல்றதைக் கேட்டுட்டு, பாவம், நாய் மேல உசுரையே வெச்சிருந்த பொம்பளை போலன்னு நாலு பேரு உச்சுக் கொட்டுவாங்க. சின்ன வயசுல ஒரு நாய் என் கணுக்காலைக் கவ்வி, பெரியாஸ்பத்திரியில தொப்புளைச் சுத்தி ஊசி குத்துனாங்க. அந்த வலி மறக்கல. இன்னிக்கும் எதிர்ல நாய் வந்தா நான் தெருவுல அந்தாண்ட போயிடுவேன்.

எங்க வூட்டுக்காரர் இதுக்கு நேர்மாறு. மில்லு மூடுனதுக்கப்புறம் பீச் பக்கம் ஒரு லாட்ஜுல வாட்ச்மேன் வேலை பாத்தாரு. காலையில போனா பொழுது சாயத்தான் வருவாரு. மெயின்ரோட்டுல டெம்போவை விட்டு எறங்கி, முனை டீக்கடையில ரெண்டு பொறை ரொட்டி வாங்குவாரு. அந்தப் பொறைக்காக ஒரு செவலை நாய் அங்கயே பழியா கெடக்கும். பொறையைத் தின்னுட்டு அவரு கூடவே எங்க வூட்டு கேட்டு வரைக்கும் நடந்து வரும். வலது முட்டி தேஞ்சு போன மனுஷன். பத்தடி நடந்தா ஒரு நிமிஷம் நிப்பாரு. அதுவும் நிக்கும். எனக்குன்னு ஒரு முழம் பூ வாங்கியாந்த கையில்ல அது, நாய்க்கு மட்டும் தெனம் பொறை. நான் கத்துவேன். அதுக்கு அவரு, பூ வாங்கியாந்தா நீ வாலை ஆட்டுவியான்னு கேப்பாரு. நான் வெளக்குமாத்தைத் தேடுவேன்.

எங்க தெரு முத்தியால்பேட்டையில மாரியம்மன் கோயில் வீதி. பேருதான் வீதி. எதிரெதிரா ரெண்டு பைக் வந்தா ஒண்ணு ஒதுங்கித்தான் ஆகணும். நான் வூட்டுலயே இட்லி மாவு அரைச்சு விக்கிறேன். மதியத்துல கிரைண்டரைப் போட்டா சாயங்காலம் மாவு ரெடி. வெளக்கு வெக்கிற நேரத்துல வாசல்ல குண்டானோட குந்திக்குவேன். அதனால அவரு முனை திரும்பறதுல இருந்து கேட்டைத் தொறக்கிற வரைக்கும் எனக்கு நல்லா தெரியும். தெரிஞ்சாலும் பாக்காத மாதிரி மாவை அள்ளிக்கினு இருப்பேன். அது ஒரு வீம்பு.

ஒரு நாள் காலையில வேலைக்குப் போனவரு லாட்ஜு கேட்டுகிட்டயே சுருண்டு விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. ஐஸ் பெட்டியில வெச்சு வேன்ல கொண்டாந்து எறக்குனாங்க. வாசல் நெறைய சனம், மேளம், சரவெடி. முதல் சரத்தை வெச்சப்பவே நாய் பயந்து ஓடிப்போச்சு. எல்லாம் அடங்குன பிறகுதான் திரும்பி வந்துச்சு. ஆக, அது அவரைப் பொணமா பாக்கவேயில்ல. அதைப் பொறுத்தவரைக்கும் காலையில டெம்போ ஏறுனவரு ஏறுனவருதான்.

காரியம் முடிஞ்சு, வந்த சனமெல்லாம் போயி, வூடு காலியா கெடந்துச்சு. பையன் கம்பெனிக்குப் போயிட்டான். மாவை நிறுத்துனா வயித்துப்பாட்டுக்கு என்னா பண்றதுன்னு திரும்பவும் அரைக்க ஆரம்பிச்சேன். அந்த முதல் சாயங்காலம் வாசல்ல குந்திக்கினு இருக்கேன், முனையில படுத்திருந்த நாய் சட்டுனு எழுந்துச்சு. வாலை ஆட்டுச்சு. அவரைப் பாத்தா அது வாலை மட்டும் ஆட்டாது, உடம்பையே ஆட்டும். அப்படி ஆட்டுச்சு. மெயின்ரோட்டுப் பக்கம் கொஞ்சம் ஓடி, திரும்பி, எங்க வூட்டைப் பாக்க நடந்து வந்துச்சு.

தனியா வர்ற நாய் எப்படி வரும்னு எல்லாருக்கும் தெரியும். மோந்துக்கினே வரும், குப்பையைக் கிளறும், கம்பத்தைப் பாத்தா காலைத் தூக்கும். இது அப்படி வரல. ஒரு ஆளோட நடைக்கு வந்துச்சு. கொஞ்சம் நடக்கும், நிக்கும், காத்திருக்கும், திரும்ப நடக்கும். தலையைத் தூக்கி, பக்கத்துல ஒரு ஆள் மூஞ்சி இருக்கிற உசரத்தையே பாத்துக்கினு வந்துச்சு. கேட்டுகிட்ட வந்து ஒரு சுத்து சுத்திட்டு படுத்துடுச்சு. தெருவுல வேற யாரும் இல்ல.

பக்கத்துல இருந்த சொம்புத் தண்ணியை எடுத்து அது மேல வீசிட்டு உள்ள ஓடி கதவைச் சாத்திக்கினேன். மறுநாளும் அதேதான். அதுக்கு மறுநாளும். அந்த நேரம் வர்றதுக்கு முன்னாலயே நான் குண்டானைத் தூக்கிக்கினு உள்ள போயிடுவேன். மாவு வாங்க வர்றவங்க கதவைத் தட்டித்தான் வாங்கிக்கினு போனாங்க.

பையன்கிட்ட சொன்னேன். பழக்கம்மா, நாய்க்கு நேரம் தெரியும், அந்த நேரத்துக்குப் போயி வந்துக்கினு இருக்கு, நாலு நாள்ல மறந்துடும்னான். ஒரு நாள் லீவு போட்டு என்கூட வாசல்ல நின்னு பாத்தான். நாய் நடந்து வந்துச்சு, நின்னுச்சு, மேல பாத்துச்சு, வந்துச்சு. பழக்கம்தாம்மான்னு பையன் திரும்பவும் சொன்னான், ஆனா கொரல் கீழ எறங்கிப் போச்சு. அதுக்கப்புறம் அந்த நேரத்துல அவன் வூட்டுலயே இருக்க மாட்டான்.

பயம் எப்ப போச்சுன்னு எனக்கே தெரியல. பயம் போன எடத்துல ஆசை வந்து குந்திக்கிச்சு. அதை மறைச்சு என்னா ஆகப்போவுது? சாயங்காலம் ஆனா மூஞ்சி கழுவுனேன். மாவுக் கறை படிஞ்ச நைட்டியை மாத்தி பொடவை கட்டுனேன். எங்கனா விசேஷமாக்கான்னு எதிர்வூட்டுப் பொண்ணு கிண்டலாக் கேக்கும். ஆமாடி, உனக்குத்தான் பொண்ணு பாக்க வராங்கன்னு சொல்லி அனுப்புவேன். நாய் கேட்டுகிட்ட வர்றப்போ, யாருக்கும் கேக்காம, வாங்கன்னு சொல்லுவேன். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை. மாவு வாங்க நிக்கிறவங்க தங்களைத்தான் கூப்புடறேன்னு நெனச்சு, வந்துட்டேன்க்கா, அரைக் கிலோ போடுங்கன்னுவாங்க. உசுரோட இருந்தப்போ அவரு வந்தா நிமிந்துகூட பாக்காதவ, இல்லாம போனப்புறம் தெனம் வாங்கன்னு சொன்னேன். அந்த வார்த்தையைச் சொல்லிட்டாத்தான் எனக்கு ராத்திரி சோறு எறங்கும். இதை நான் பையன்கிட்ட சொல்லல. சொன்னா டாக்டர்கிட்ட இட்டுக்கினு போயிடுவான்.

அப்புறம்தான் அந்தக் கடி. எங்க தெருவுல ஒரு கறுப்பு நாய் டியூஷனுக்குப் போன பொண்ணோட தொடையைக் கடிச்சிடுச்சு. கொழந்தை கத்துன கத்து இப்பவும் என் காதுல இருக்கு. தெருவே கூடி, நகராட்சிக்கு வாட்சப்புல போட்டோ அனுப்பி, போன் போட்டு, நேர்ல போயி மனு குடுத்து ஒரு வழி பண்ணாங்க. தப்பே சொல்ல மாட்டேன். கடி வாங்குனவ நான், எனக்குத் தெரியாதா? டீவியில வேற நாயைப் பத்தித்தான் பேச்சு. கோர்ட்டு ஒரு நாள் எல்லா நாயையும் அடைக்கணும்னுச்சாம், இன்னொரு நாள் ஊசி போட்டு விட்டுடணும்னுச்சாம். தெருவுல ரெண்டு கட்சி ஆகிப்போச்சு. நான் ரெண்டுலயும் சேரல. எனக்கு ஒரு நாயைப் பத்தி மட்டும்தான் கவலை, அதுவும் வெளியில சொல்ல முடியாத கவலை.

வண்டி வந்தப்போ நான் கிரைண்டர் ஓட்டிக்கினு இருந்தேன், சத்தமே கேக்கல. நாய் புடிக்கிறவங்க வலையை வீசுறதில்ல. சந்தோட ஒரு வாயில வலையைப் புடிச்சிக்கினு ரெண்டு பேரு நிப்பாங்க, இன்னொரு வாயில இருந்து ஒருத்தன் தட்டைத் தட்டி வெரட்டுவான். ஓடி வர்ற நாய் தானா வந்து வலைக்குள்ள வுழும். அன்னிக்கு எங்க தெரு நாயெல்லாம் அப்படித்தான் வுழுந்துச்சு, கறுப்பு உட்பட. செவலை மட்டும் ஒரு லாரிக்கடியில பூந்து தப்பிச்சிடுச்சு. சாயங்காலம் வந்துச்சு, அவரைக் கூட்டிக்கினு வந்துச்சு. நான் வாங்கன்னேன். தப்பிச்சோம்டா சாமின்னு இருந்துச்சு.

மறுநாள் அந்த வண்டி வேற ஏதோ பேட்டையில நாய் புடிச்சிட்டு அந்த வழியா வந்திருக்கு. டீக்கடைகிட்ட செவலை படுத்துக் கெடந்திருக்கு. பொறை காட்டிக் கூப்புட்டாங்களாம். ஓடல, ஒளியல, நேரா போயிடுச்சாம். டீக்கடைக்காரர்தான் வந்து சொன்னாரு. பொறையைக் காட்டிப் புடிச்சானுங்களேன்னு எனக்கு ஆத்திரம் பொத்துக்கினு வந்துச்சு. வேற எதைக் காட்டியிருந்தாலும் அது போயிருக்காது.

அன்னிக்கு சாயங்காலம் பொடவை கட்டிக்கினு குந்தியிருந்தேன். தெரு காலியா இருந்துச்சு. முனையில ஒண்ணும் எழுந்திருக்கல, ஒண்ணும் திரும்பல. அவரு வந்தாரா, வந்து முனையில நின்னு நாயைத் தேடுனாரா, எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் கண்ணு இல்லையே. அதுக்குத்தானே இருந்துச்சு. மாவு புளிச்சுப் பொங்கி குண்டானை விட்டு வழிஞ்சுச்சு, நான் தொடைக்கவேயில்ல.

நாலு வூடு தள்ளி ஒரு பெரியவரு இருக்காரு. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குறவரு. அவரைப் போல பழைய ஆளுங்க எங்க ஊர்ல நகராட்சியை இன்னமும் பிரெஞ்சுல மேரின்னுதான் சொல்லுவாங்க. நாய் திரும்பி வருமான்னு கேட்டேன். மேரிக்காரன் புடிச்ச நாய் என்னிக்கும்மா திரும்பி வந்திருக்கு, இடுக்கியில கழுத்தைப் புடிச்சு இழுத்துக்கினு போயி ஊசி போட்டுடுவான்னாரு. அவரு சொன்னது அவரு காலத்துக் கதை. இருந்தாலும் அதைக் கேட்டுட்டு வந்து நான் படுத்த படுக்கையா கெடந்தேன். பையன் காய்ச்சலான்னு நெத்தியைத் தொட்டுப் பாத்தான்.

பெரியவரு சொன்னது பொய்யாப் போச்சு. வண்டி திரும்பி வந்து எங்க தெரு நாய்ங்களை ஒவ்வொண்ணா எறக்கி வுட்டுச்சு. எல்லாத்துக்கும் இடது காது நுனியில கத்திரிச்ச மாதிரி ஒரு வெட்டு. கருத்தடை பண்ணியாச்சு, வெறிநாய் ஊசி போட்டாச்சுங்கறதுக்கு அதுதான் அடையாளமாம். கறுப்புகூட வந்துடுச்சு, பசு மாதிரி சாதுவா. தெருவுல பாதிப் பேரு கத்துனாங்க, கடிச்ச நாயையே கொண்டாந்து விடறாங்களேன்னு. நான் வண்டிக்குள்ள எட்டி எட்டிப் பாத்தேன். செவலை இல்ல. கேட்டதுக்கு, வேற ட்ரிப்புல வரும்னாங்க. வரல.

பையனை அரிச்செடுத்து நகராட்சி ஆபீசுக்கு இட்டுக்கினு போகச் சொன்னேன். அங்க ஒரு ஆபீசர் மரியாதையாத்தான் பேசுனாரு. சட்டம் இப்ப இதும்மா, கொல்லக் கூடாது, ஆபரேஷன் பண்ணி, ஊசி போட்டு, புடிச்ச எடத்துலயே விட்டுடணும், வேற எடத்துல விட்டா அந்த ஏரியா நாய்ங்க சேக்காது, கொதறிடும்னு விளக்குனாரு. அது உங்க நாயான்னு கேட்டாரு. என்னா சொல்றது? என் நாய் இல்ல, எனக்கு நாயே புடிக்காதுன்னேன். அவரு என்னையும் பையனையும் மாறி மாறிப் பாத்தாரு. பையன் தலையைக் குனிஞ்சிக்கினான். ஆபரேஷன் பண்ற எடத்துல போயி விசாரிங்கன்னு வழி சொன்னாரு.

அது ஊருக்கு வெளியில, முந்திரித் தோப்புக்கு நடுவுல ஒரு ஷெட்டு. தூரத்துல இருந்தே குரைப்புச் சத்தம் காதைப் பிளந்துச்சு. உள்ள ரெண்டு பக்கமும் கூண்டு. நானும் பையனும் நடுவுல நடக்க ஆரம்பிச்சதும் கத்திக்கினு இருந்த நாய்ங்க ஒவ்வொண்ணா அடங்கிச்சு. நாங்க தாண்டத் தாண்ட அந்தக் கூண்டு அமைதியாயிடும். பயந்துபோயி நின்னு பாத்தேன். ஒண்ணும் என்னைப் பாக்கல. பையனையும் பாக்கல. எனக்கு வலது பக்கம், எனக்கும் கூண்டுக்கும் நடுவுல இருந்த சந்தைப் பாத்துச்சுங்க, எல்லாம் ஒரே உசரத்துல. பாத்தியாடான்னேன். என்னாத்தைன்னான். மருந்து வாடையில மயங்கிக் கெடக்குதுங்கம்மான்னான். அவனுக்கு மருந்து வாடை, எனக்கு வேற. நான் கொஞ்சம் ஒதுங்கி, அந்த ஆளுக்கும் நடக்க எடம் விட்டு நடந்தேன்.

அங்கயும் செவலை இல்ல. அதை அனுப்பி வெச்சாச்சுன்னு சொல்லி, வண்டி ஓட்டுற ஆளைக் கூப்புட்டு வுட்டாங்க. அவரு பீடியைக் கீழ போட்டுட்டு வந்தாரு. செவலைன்னதும் ஞாபகம் வந்துடுச்சு. பொறைக்கு வந்த நாய்தானேன்னாரு. ஆமான்னேன். அதை அப்பவே விட்டாச்சேன்னாரு. எங்க விட்டீங்கன்னேன்.

"மாரியம்மன் கோயில் வீதின்னாங்க, மாரியம்மன் கோயில் வீதியிலதான் விட்டேன்."

எங்க தெருவுக்கு வரலையேன்னேன். உங்க தெரு எதுன்னாரு. சொன்னேன். அவரு தலையைச் சொறிஞ்சாரு. அன்னிக்குப் புடிச்சது பூரா ஒரே பேட்டை நாய், இது ஒண்ணு மட்டும் வழியில ஏத்துனது. எறக்குறப்போ இது எங்கன்னு கேட்டிருக்காரு, புடிச்ச ஆளு மாரியம்மன் கோயில் வீதின்னு கத்தியிருக்கான். மத்த நாயெல்லாம் எந்தப் பேட்டையோ, அந்தப் பேட்டையிலயும் ஒரு மாரியம்மன் கோயில் வீதி இருந்திருக்கு. இந்த ஊர்ல மாரியம்மன் கோயில் இல்லாத பேட்டை ஏது, அதுக்கு ஒரு வீதி இல்லாத கோயில்தான் ஏது? அவரைக் கோவிச்சு என்னா பண்றது.

எந்தப் பேட்டைன்னு கேட்டேன்.

"கருவடிக்குப்பம்மா."

பையன் என் தோளைப் புடிச்சிக்கினான். எங்க ஊர்க்காரங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. ஒருத்தரை கருவடிக்குப்பம் கொண்டு போயிட்டாங்கன்னா என்னா ஆச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஊரு சுடுகாடு அங்கதான் இருக்கு. அந்தப் பேட்டையில எத்தினியோ வூடு, கடை, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் எல்லாம் இருக்கு, சனம் நல்லா வாழுது. ஆனா எனக்கு அந்தப் பேரைக் கேட்டா ஒண்ணே ஒண்ணுதான். அவரைத் தூக்கிக்கினு போனப்போ பொம்பளைங்களைத் தெருமுனையோட நிறுத்திட்டாங்க. வண்டி திரும்பற வரைக்கும் பாத்தேன். அதுக்கப்புறம் அவரை எந்த வழியா கொண்டு போனாங்க, எங்க வெச்சாங்க, நான் பாத்ததில்ல. நாய் அங்க போயிடுச்சு. நான் போக முடியாத எடத்துக்கு அது போயிடுச்சு.

ஞாயித்துக்கிழமை போயி பாக்கலாம்மான்னான் பையன். சரின்னேன். மறுநாள் அவன் கம்பெனிக்குப் போனப்புறம், மதியத்துக்கு மேல எங்க தெரு ஸ்டாண்டு ஆட்டோவைக் கூப்புட்டேன். அன்னிக்கு மாவும் அரைக்கல. ஆட்டோக்காரர் எனக்குத் தெரிஞ்சவருதான். எங்கக்கான்னாரு. சொன்னேன். யாருக்கா தவறிட்டாங்கன்னாரு.

எங்க பேட்டைக்கும் கருவடிக்குப்பத்துக்கும் நடுவுல ஈ.சி.ஆர். ரோடு. அதைத் தாண்டுனா வந்துடுச்சு, அவ்வளவு கிட்ட. இவ்வளவு கிட்ட இருந்துக்கினு ஏன் அது நடந்து வரலன்னு ஆட்டோவுல யோசிச்சிக்கினே போனேன். நாய்க்கு வழியா தெரியாது? தெரிஞ்சும் வரலன்னா, அங்க அதுக்கு ஆள் இருக்குன்னுதானே அர்த்தம். எனக்கு அழுகைக்கு முன்னால கோவம்தான் வந்துச்சு. நல்லா இருக்குய்யா, இத்தினி நாளா நீ என்னைப் பாக்கவா வந்த, பொறை தின்ன நாயைப் பாக்க வந்திருக்க, அது இங்க வந்ததும் வூட்டை மறந்துட்டு இங்கயே இருந்துட்டன்னு மனசுக்குள்ள அவரை ஏசிக்கினே போனேன். பொறாமைதான். நாய் மேல பொறாமை. இந்த வயசுல.

மாரியம்மன் கோயில் வீதி முழுக்கத் தேடுனேன். அந்த நாய்க்கு அவரு பேரே வெக்கல. யோவ்னுதான் கூப்புடுவாரு. நான் என்னா பண்ணுவேன்? தெருத்தெருவா யோவ், யோவ்னு கூப்புட்டுக்கினு போனேன். கடை வாசல்ல நின்ன ஆம்பளைங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. ஒருத்தன் என்னாம்மா மரியாதை இல்லாம கூப்புடறன்னு சண்டைக்கே வந்துட்டான். ஆட்டோக்காரர்தான் நாயைத் தேடறாங்க சார்னு சமாதானம் பண்ணாரு. உன்னை இல்லடா, உன்னைக் கூப்புட்டு நான் என்னா பண்ணப் போறேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, அடக்கிக்கினேன்.

சுடுகாட்டுக்குப் போற ரோடு பிரியற எடத்துல ஒரு பொம்பளை மாலை கட்டிக்கினு குந்தியிருந்தா. சாவுக்குப் போடுற சாமந்தி மாலை. நான் கூப்புடறதைக் கேட்டுட்டு, இந்த எடத்துல நின்னுக்கினு யாரையும் கூப்புடாதக்கா, வேண்டாதது கூடவே வரும்னா. எங்க வழக்கமும் அதுதான். சாவு வூட்டுல இருந்து கெளம்பறப்போகூட போயிட்டு வரேன்னு சொல்ல மாட்டோம், சொல்லாமதான் கெளம்புவோம். நான் வாயை மூடிக்கினு, செவலை நாய், காதுல புது வெட்டு, பாத்தியான்னு கேட்டேன். அவ நாரைப் பல்லால கடிச்சு அறுத்துட்டு என்னை ஏற எறங்கப் பாத்தா.

"அது யாரு நாயிக்கா? தெனம் இந்நேரத்துக்கு உள்ள இருந்து யாரையோ இட்டுக்கினு வருது."

அவ பக்கத்துலயே தரையில குந்திட்டேன். நான் ஒருத்திதான் கற்பனை பண்ணிக்கினு கெடக்கேன்னு இருந்தேன். பையன் பழக்கம்னான், நானும் ஒரு மூலையில அதை நம்பிக்கினுதான் இருந்தேன். அவரை ஒரு நாளும் பாத்தே இராத பொம்பளை சொல்றா. இங்க எந்த லாட்ஜு, எந்த டெம்போ, எந்தப் பொறைக்கடை, நாய்க்குப் பழகிப்போக? ஆரம்பத்துல மத்த நாய்ங்க அதைச் சுத்தி வளைச்சுதாம், அப்புறம் என்னமோ எல்லாம் வாலைச் சுருட்டிக்கினு ஒதுங்கிடுச்சாம். கிட்டப் போறதில்லயாம். அவளும் அந்த நேரத்துல தலையைக் குனிஞ்சு பூவைத்தான் பாப்பாளாம்.

பொழுது சாஞ்சுச்சு. கோயில்ல மணி அடிச்சாங்க. சுடுகாட்டு ரோட்டுல இருந்து செவலை வந்துச்சு. இளைச்சு எலும்பு தெரிஞ்சுச்சு, காது நுனி இல்ல. அதே நடை. கொஞ்சம் நடக்கும், நிக்கும், மேல பாக்கும், நடக்கும். என்னைத் தாண்டுறப்போ என்னைப் பாத்துச்சு, வால் லேசா ஆடுச்சு, ஆனா நிக்கல. அதுக்கு வேலை இருக்கிற மாதிரி போச்சு. பூக்காரி தலையைக் குனிஞ்சிக்கினா. நான் குனியல. எனக்கென்னா பயம், என் புருசன்.

அது எங்க போவுதுன்னு எழுந்து பின்னாலயே போனேன். வீதியைத் தாண்டி, கடைங்களைத் தாண்டி, ஈ.சி.ஆர். ரோட்டோரம் போயி நின்னுச்சு. ரோட்டுக்கு அந்தாண்ட எங்க பேட்டை. பஸ்ஸு, லாரி, வெளியூர்ல இருந்து பீச் பாக்க வந்த காருங்க, ஒண்ணு நிக்கல. நாய் ரோட்டுல ஒரு கால் வெச்சுச்சு. ஆரன் அடிச்சான். பின்வாங்குச்சு. தலையைத் தூக்கி பக்கத்துல பாத்துச்சு. திரும்பவும் கால் வெச்சுச்சு, திரும்பவும் பின்வாங்குச்சு. தனி நாயா இருந்தா ஒரே ஓட்டத்துல தாண்டியிருக்கும். முட்டி தேஞ்ச ஆளை விட்டுட்டு அது எப்படி ஓடும்?

தெனம் வூட்டுக்குத்தான் வந்திருக்காங்க ரெண்டு பேரும். தெனம் பொழுது சாஞ்சா கெளம்பி, இந்த ரோட்டு வரைக்கும் வந்து, தாண்ட முடியாம, திரும்பிப் போயிருக்காங்க. நான் அங்க வாசல்ல பொடவை கட்டிக்கினு, வரலையேன்னு ஏசிக்கினு இருந்திருக்கேன். ரோட்டோரத்துலயே நின்னு அழுதேன். காரியத்தன்னிக்குக்கூட நான் அப்படி அழல.

ஆட்டோக்காரர் வண்டியை ஓட்டிக்கினு வந்து பக்கத்துல நிறுத்துனாரு. நாயைக் கட்ட கயிறு கொண்டாந்திருந்தாரு. அதெல்லாம் வேணாம்னேன். மூஞ்சியைத் தொடைச்சிக்கினு, முந்தானையைச் சரி பண்ணிக்கினு, ஆட்டோவோட பக்கத்துல நின்னேன்.

"ஏறுங்க"ன்னேன்.

ஆட்டோக்காரருக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இவ்வளவு நேரம் மனுசனை எல்லாம் யோவ்னுட்டு, இப்ப நாய்க்குப் போயி மரியாதையைப் பாருன்னாரு.

நாய் உடனே ஏறல. மேல பாத்துக்கினே நின்னுச்சு. அவருக்கு ஆட்டோ ஏற எப்பவும் நேரம் ஆவும், கம்பியைப் புடிச்சிக்கினு முட்டியை மெதுவாத்தான் தூக்கி வெப்பாரு. நானும் நின்னேன். அப்புறம் நாய் ஏறி கால் வெக்கிற எடத்துல படுத்துக்கிச்சு. நான் ஏறி ஓரமா, வெளிக்கம்பியைப் புடிச்சிக்கினு உக்காந்தேன். அவ்வளவு எடம் இருக்கே, நல்லா உள்ள தள்ளி உக்காருக்கா, வுழுந்து வெக்கப் போறன்னாரு ஆட்டோக்காரர். பரவால்ல, நீ பாத்து மெதுவா ரோட்டைத் தாண்டுன்னேன்.